பதினான்காம் மாடியில் செபமாலையின் மறுபாதி

இந்த வலைப்பதிவைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு நான் தூரப் பயணங்களை எழுதுபவள் என்று தெரியும். இந்த முறை நான் போன தூரம் மொத்தம் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். கனடாவில், ரொறன்ரோவுக்கு வடக்கே மார்க்கம் நகரில் இருக்கும் என் வீட்டிலிருந்து கென்னடி வீதியில் நேராகத் தெற்கே இறங்கினால் ஸ்காபரோவின் டோர்செட் பார்க். போன தவக்காலத்தில், ஈஸ்டருக்கு முந்திய நோன்பு நாட்களில், மார்ச் மாதக் கடைசியில், ஒரு வெள்ளிக்கிழமை புறப்பட்டு ஞாயிறு வரை அங்கே தங்கினேன். திரும்பி வந்து பல மாதங்களாக எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

போனதற்குக் காரணம் அன்ரன் அண்ணை. என் பெரியம்மாவின் மகன், மார்க்கத்திலேயே எனக்கு நான்கு தெரு தள்ளி இருக்கிறார். அவருடைய தங்கையின் பெயர் யோசப்பின், எனக்கு அக்கா முறை, டோர்செட் பார்க்கில் ஓர் அடுக்குமாடியில் தனியாக இருக்கிறார். கணவர் இறந்து சில வருடங்களில் அக்கா வீட்டை விற்றார், பிள்ளைகள் இல்லை, பங்குத்தந்தையின் முன்னால் முழங்காலில் நின்று மிச்சமிருக்கும் வாழ்க்கையைக் கடவுளுக்கென்று கொடுத்துவிட்டதாக வாக்குக் கொடுத்தார். மடத்துக்குப் போகவில்லை. சீருடை இல்லை. முதியோர் இல்லம் ஒன்றின் சலவைப் பகுதியில் வழமைபோல வேலைக்குப் போய் வருகிறார். சொந்தக்காரர்களுக்கு இது பிடிபடவில்லை. மடத்துக்குப் போயிருந்தால் பெருமைப்பட்டிருப்பார்கள்.

அன்ரன் அண்ணை தொலைபேசியில் கூப்பிட்டார்.

"றீற்றா, நீ ஒருக்காப் போய் ரெண்டு மூண்டு நாள் நிண்டு பாக்கிறியே? நாங்கள் போனால் அவ தேத்தண்ணியைத் தந்து அனுப்பிப் போடுறா."

"என்னத்தைப் பாக்கிறது அண்ணை?"

"பின்னேரத்தில தனியக் கதைக்கிறா. என்ர மனுசி போன மாதம் வாசல்ல நிண்டு கேட்டவ."

"தனிய இருக்கிற ஆக்கள் கதைக்கிறதுதானே."

"அது பறவாயில்லை." குரலைத் தாழ்த்தினார். "பதில் வருதாம். ஆம்பிளைக் குரல்."

தன் வீட்டு நிலக்கீழ்த் தளத்தில், பேஸ்மென்றில், ஓர் அறையைத் துப்புரவாக்கிக் கட்டிலும் போட்டுவிட்டதாகச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வான் வண்டியோடு வருவார். அக்காவுக்கு மனம் சரியில்லை என்று நான் சொன்னால், சாமானைக் கட்டி அன்றே கூட்டிக்கொண்டு போவார், பிறகு டொக்டரிடம் காட்டுவார். "நீ சொல்லுறதுதான் முடிவு. எங்களை விட அவ உன்னோடதான் ஒட்டு," என்றார். சரியென்றேன்.

காரில் இருபது நிமிடம் போதும். ஆனால் அதற்கு முந்திய கிழமை வீட்டு வாசல் பனிக்கட்டியில் வழுக்கி என் வலது முழங்கால் வீங்கியிருந்தது, பிரேக் மிதிக்க முடியாது. ஆகவே பஸ். மார்க்கம் பஸ்ஸில் ஸ்டீல்ஸ் வீதி வரை, அங்கே மாறி ரொறன்ரோ பஸ். பயண அட்டையைத் தட்டினால் இரண்டுக்கும் ஒரே கட்டணம்தான், மூன்று டொலர் சொச்சம். மாறும் இடத்தில் நின்ற நேரத்தையும் சேர்த்து ஒரு மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூட.

அன்று காலையிலிருந்தே மூடுபனி. ஸ்டீல்ஸ் தாண்டியதும் வீதியின் இருபக்கமும் இருந்த கடைப் பெயர்ப்பலகைகள் பாதியாகத் தெரிந்தன. 401 நெடுஞ்சாலையின் மேல் பாலத்தில் பஸ் ஏறியபோது கீழே பன்னிரண்டு பதினான்கு வரிசை வாகனங்கள் ஓடும் இரைச்சல் கேட்டது. ஒரு வெளிச்சம்கூடத் தெரியவில்லை. இறங்கும்போது சாரதி, நம் ஆள்தான், பஸ்ஸின் முன்பக்கத்தைப் பதித்துத் தந்து, "பாத்து இறங்குங்கோ அக்கா, கேர்ப் தெரியாது," என்றார். நடைபாதை விளிம்பு உண்மையில் தெரியவில்லை. காலை வைத்துத் தடவித்தான் இறங்கினேன்.

எல்ஸ்மியர் வீதிக்குக் கிட்ட, வீதியிலிருந்து உள்ளே தள்ளி நிற்கும் பழைய கட்டடம் அது. இரண்டு லிப்டில் ஒன்று பழுது. மற்றது வர நேரமெடுத்தது. உள்ளே பொத்தான்களைப் பார்த்தேன்: பன்னிரண்டுக்கு அடுத்தது பதினான்கு. இந்த ஊரில் பல கட்டடங்களில் பதின்மூன்று இருக்காது. தெரிந்த விஷயம்தான். ஆனாலும் பன்னிரண்டைத் தாண்டியபோது லிப்ட் ஒருமுறை குலுங்கி நின்று, கதவைத் திறக்காமல், மறுபடி ஏறியது. பதினான்காம் மாடியில் இறங்கினேன். நடைபாதையின் இரண்டு முனையிலும் ஜன்னல்கள் இருந்தன. இரண்டிலும் வெள்ளை. சுண்ணாம்பு பூசி அடைத்ததுபோல.

அக்கா கதவைத் திறந்ததும் என் காலைத்தான் பார்த்தார். "என்னடி, நொண்டிக்கொண்டு வாறாய்? இரு, எண்ணெய் காச்சித் தடவி விடுறன்." ஐம்பத்தைந்து வயது. முன்பைவிட மெலிந்திருந்தார். முகம் மட்டும் தெளிவாக இருந்தது.

வீடு அப்படியொன்றும் ஆச்சிரமம் மாதிரி இல்லை. ஒரு படுக்கையறை, ஹோலில் சோபா, குசினியில் அடுப்பும் சின்ன மேசையும். தொலைக்காட்சி இல்லை. அன்று இரவுச் சாப்பாட்டுக்குச் சோறும் பருப்பும் கத்தரிக்காய்ப் பால்கறியும். சமைத்துக்கொண்டே அவருடைய நாளைச் சொன்னார். விடிய முதல் செபம். வேலைக்குப் பஸ். அங்கே முதியவர்களின் உடுப்பை மடிக்கும்போது ஒவ்வொரு சட்டையின் உட்கழுத்திலும் தைத்திருக்கும் பெயரை வாசித்து அந்த ஆளுக்காக ஒரு வார்த்தை. லிப்டில் யாராவது ஏறினால், கதவு மூடித் திறக்கும் வரை அவருக்காக. யாரைப் பற்றியும் குறை கதைப்பதில்லை என்று முடிவெடுத்திருக்கிறார். "அதுதான் எல்லாத்தையும் விடக் கஷ்டம். வேலையில ஒருத்தி இருக்கிறாள், அவளைப் பற்றி..." என்று தொடங்கி, நாக்கைக் கடித்துச் சிரித்தார்.

நான் கேட்டேன்: "நீங்கள் ஒதுங்கிப் போட்டியள் எண்டு எல்லாரும் சொல்லீனம் அக்கா."

"ஒதுங்கேல்ல. ஒதுக்கி வைச்சிருக்கு." அகப்பையால் ஒரு சின்னக் கிண்ணத்தில் பால்கறியை அள்ளி மூடினார். "இது ஆருக்கு? பக்கத்து வீட்டுப் பிள்ளை வேலையால பிந்தி வருவாள், அவளுக்கு. சட்டியிலதான் இருந்தது, இப்ப எடுத்து வைச்சாச்சு. அதால கறி வேற கறியாப் போட்டுதே? ஆருக்கெண்டு மட்டும்தான் மாறினது. நானும் அவ்வளவுதான்."

இப்படித் தெளிவாகக் கதைப்பவருக்கு மனம் சரியில்லை என்று எப்படிச் சொல்வது என்று நினைத்தேன். ஆறு மணி வரை.

மாலை ஆறு மணிக்கு அக்கா குசினி மேசையில் உட்கார்ந்து செபமாலையை எடுத்தார். கத்தோலிக்கர் அல்லாதவர்களுக்கு ஒரு விளக்கம்: செபமாலையில் வரும் மங்கள வார்த்தைச் செபத்துக்கு இரண்டு பாதி. மாலையின் ஒவ்வொரு மணிக்கும் முதற்பாதியை ஒருவர் சொல்ல, மறுபாதியை மற்றவர்கள் சொல்வார்கள்; தொடக்கத்தில் மூன்று மணி, பிறகு பத்துப் பத்து மணியாக ஐந்து சுற்று. எங்கள் வீட்டில் சின்ன வயதில் தினமும் சொன்னது. எனக்கு விட்டுப்போய் இருபது வருடம் இருக்கும், ஆனாலும் வாய் பழக்கத்தில் தயாரானது.

அக்கா முதற்பாதியைச் சொல்லி நிறுத்தினார். நான் வாயைத் திறப்பதற்குள் ஓர் ஆண்குரல் மறுபாதியைச் சொன்னது.

அடுப்புக்கு மேலே, சுவரும் கூரையும் சேரும் மூலையில் காற்றுப்போக்கியின் சதுரமான இரும்புச் சல்லடை இருக்கிறது. குரல் அங்கிருந்து வந்தது. வயதான குரல். சளி கட்டிய, அவசரமில்லாத தமிழ். எங்கள் ஊர்க் கோயிலில் பின்வாங்கில் இருக்கும் பெரியவர்கள் இழுத்துச் சொல்வதுபோல, 'மரண நேரத்திலும்' என்ற இடத்தில் கொஞ்சம் தாழ்ந்தது. அக்கா தலையைக்கூடத் தூக்கவில்லை. அடுத்ததைத் தொடங்கினார். மறுபடி பதில் வந்தது. மணிக்கு மணி, ஐம்பத்து மூன்று தடவை. ஜன்னலில் வெள்ளை சாம்பலாகிக்கொண்டிருந்தது. கடைசி ஆமென் முடிந்ததும் சல்லடையிலிருந்து மெல்லிய காற்று மட்டும் வந்தது.

"அக்கா, ஆர் உது?"

"தெரியாது."

"தெரியாதோ?"

"நான் இஞ்ச வந்த முதல் தவக்காலத்தில ஒருநாள் பதில் வந்தது. பிறகு நிக்கேல்ல. ஆரோ இந்தக் கட்டடத்தில இருக்கிற எங்கட ஆள்."

"தேடிப் பாக்கேல்லையோ?"

"ஏன்? அவரும் என்னைத் தேடேல்ல. செபத்துக்கு வாறார், போறார். அது காணும் எண்டு நினைச்சன்."

சனிக்கிழமை காலை அக்கா கடைக்குப் போன நேரம் நான் நொண்டிக்கொண்டே கீழே போய், வாசலில் இருந்த அழைப்புமணிப் பலகையில் பெயர்களை வாசித்தேன். தமிழ்ப் பெயர்கள் பல. எந்த மாடியென்று எப்படித் தெரியும்? மேலும் கீழுமாக ஒரே குழாய் எல்லாக் குசினிகளையும் தொடுத்துக்கொண்டு போகிறது. திரும்பி வந்து கதிரையில் ஏறிச் சல்லடையில் காதை வைத்தேன். தூரத்தில் தண்ணீர் ஓடும் சத்தம். யாரோ பீங்கானை வைத்த சத்தம். பிறகு, மிகக் கிட்டத்தில், ஒரு மூச்சு. இறங்கிவிட்டேன்.

அன்று மாலையும் பனி விலகவில்லை. ஆறு மணிக்குக் குரல் வந்தது. தொலைபேசியில் பதிவு செய்திருக்கலாமே என்று கேட்பீர்கள். நினைத்தேன். கை போகவில்லை. ஒவ்வொரு பத்து மணிச் சுற்றின் முடிவிலும் அக்கா ஒரு கருத்தைச் சொல்லி மன்றாடுவார். மூன்றாவதன் முடிவில், "ஆண்டவரே, எங்கட றீற்றாவின்ர வலது முழங்காலைச் சுகமாக்கும்," என்றார். சல்லடைக்குள் ஓர் இருமல். பிறகு "ஆமென்" என்றது குரல், வேறு எதையும் விட உறுதியாக.

ஞாயிறு பூசைக்குப் போய் வந்தோம். பின்னேரம் அன்ரன் அண்ணை, மழைக்குள் வாகன நெரிசல், ஆறரையாகும் என்று செய்தி அனுப்பினார். அக்காவுக்கு அவர் ஏன் வருகிறார் என்பது தெரிந்தே இருந்தது. "நீ உனக்குத் தெரிஞ்சதைச் சொல்லு. நான் கோவிக்க மாட்டன்," என்றார். எனக்குத்தான் என்ன தெரியும் என்று தெரியவில்லை. குரல் இருக்கிறது, நானும் கேட்டேன். அதைச் சொன்னால் பேஸ்மென்றில் இரண்டாவது கட்டிலும் போடுவார்கள்.

ஆறு மணி. அக்கா முதற்பாதியைச் சொல்லி நிறுத்தினார்.

ஒன்றும் வரவில்லை.

கொஞ்சம் பொறுத்து மறுபடி சொன்னார். மழை ஜன்னலில் அடித்தது. சல்லடை பேசாமல் இருந்தது. மூன்றாவது முறையும் சொன்னார். நான் மறுபாதியைச் சொல்லத் தொடங்கினேன். அவர் கையைத் தூக்கி என்னை நிறுத்தினார். எழுந்து, செபமாலையை மேசையில் போட்டுவிட்டு, சல்லடைக்கு நேரே நின்றார்.

"ஆளுக்கு என்னவோ நடந்திட்டுது. எழும்பு றீற்றா."

"எங்க போறது அக்கா? எந்த வீடெண்டு தெரியாதே."

"கிட்டத்து வீட்டில இருந்து தொடங்குவம்."

மேல் மாடியில் அக்கா வீட்டுக்கு நேர் மேலே இருந்த குடும்பம் நன்றாகவே இருந்தது. கதவைத் திறந்த பெண் எங்களை விநோதமாகப் பார்த்தாள். படிக்கட்டால் கீழே இறங்கினோம். பதினான்கு என்று எழுதியிருந்த கதவுக்கு அடுத்த கதவில் பன்னிரண்டு என்று இருந்தது. இத்தனை வருடமாக அக்காவுக்கு நேர் கீழே இருந்தது பன்னிரண்டாம் மாடி. அங்கே, நேர் கீழ்வீட்டுக் கதவைத் தட்டினோம். பதில் இல்லை. அக்கா கதவில் காதை வைத்தார். "தட்டுது," என்றார். நானும் வைத்தேன். ஏதோ உலோகத்தால் நிலத்தில் தட்டும் சத்தம், மிக மெதுவாக.

நான் அவசர உதவிக்கு 911ஐக் கூப்பிட்டேன். அக்கா ஓடிப்போய்க் கட்டடப் பொறுப்பாளரை அழைத்து வந்தார். திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு அந்த மனிதர் தயங்கினார். உள்ளே ஆள் விழுந்து கிடப்பதாக யார் சொன்னது என்று ஆங்கிலத்தில் கேட்டார். அக்கா தன் உடைந்த ஆங்கிலத்தில் சொன்னார்: "ஒவ்வொரு நாளும் எனக்குப் பதில் சொல்லுவார். இன்றைக்குச் சொல்லவில்லை." அவர் அக்காவின் முகத்தைப் பார்த்தார். பிறகு திறந்தார்.

குசினி நிலத்தில் ஒரு முதியவர் விழுந்து கிடந்தார். கையில் கரண்டி. அடுப்புக்கு மேலே அதே சதுரச் சல்லடை. காலையில் விழுந்திருக்கிறார், இடுப்பு உடைந்திருந்தது. தமிழர் இல்லை. பிலிப்பீன்ஸ்காரர். சுவரில் திரு இருதயப் படம், மேசையில் செபமாலை.

அக்கா சோபாவிலிருந்த போர்வையை எடுத்து அவரைப் போர்த்தினார். முதியவர் தண்ணீர் கேட்டார். அக்கா அவருடைய உதட்டை மட்டும் நனைத்தார். ஆப்பிரேசன் என்றால் வயிற்றில் தண்ணீர் இருக்கக்கூடாது என்று முதியோர் இல்லத்தில் கேட்டறிந்தவர். பிறகு நிலத்தில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டு செபத்தின் முதற்பாதியைச் சொன்னார். தமிழில்தான்.

முதியவர் கண்ணைத் திறந்தார். உதடு அசைந்தது. மறுபாதி வந்தது. அதே குரல், அதே சளி, கடைசியில் அதே தாழ்வு. ஒரு சொல்கூடத் தமிழ் இல்லை.

அக்கா அவர் கையை விடவில்லை. ஆனால் என்னை நிமிர்ந்து பார்த்தார். அவர் கண்ணில் நான் கண்டது பயமா வேறெதாவதா என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை.

முதியவர் ஆங்கிலத்தில் பேசினார், விட்டு விட்டு. தன்னைப் பென் என்று கூப்பிடச் சொன்னார். "நீங்கள் மேல்வீட்டுப் பெண்தானே? நீங்கள் எங்கள் தீவுக்காரி என்றல்லவா நினைத்திருந்தேன். இங்கே யாருக்கும் அந்த மொழி தெரியாது. என் சொந்தப் பிள்ளைகளுக்கே தெரியாது. என் அம்மா செபித்த மொழி. நீங்கள் ஒவ்வொரு நாளும் அதில்தான் செபித்தீர்கள்." பிறகு குளிர்பெட்டியோடு சாய்ந்து அசையாமல் நின்ற என்னைப் பார்த்தார். "அந்த வலது முழங்கால் உன்னுடையதா?" என்றார். "இப்போது பரவாயில்லையா?"

நான் தலையாட்டினேன்.

அம்புலன்ஸ்காரர்கள் அவரைக் கீழே கொண்டுவரும்போதுதான் அன்ரன் அண்ணை வாசலில் வந்து இறங்கினார். அக்கா அவரைப் பார்த்து, "பிறகு கதைப்பம் அண்ணை," என்றுவிட்டு அம்புலன்ஸில் ஏறிப் போய்விட்டார். நான் அண்ணையின் வானில் ஏறி உட்கார்ந்து நடந்ததைச் சொன்னேன்.

"அப்ப கதைச்சது கீழ்வீட்டு மனுசனோ?"

"ஓம்."

"தமிழ் ஆளோ?"

"இல்லை."

"என்ர மனுசி தமிழிலதானே கேட்டவ." மழை துடைப்பான் இரண்டு மூன்று தடவை போய் வந்தது. "நீயும் கேட்டனியோ?"

"ஓம் அண்ணை. தமிழிலதான்."

அவர் சாமான் ஏதும் ஏற்றாத வானைத் திருப்பினார். என் வீட்டு வாசலில் இறக்கிவிடும்போது, "அவ அங்கேயே இருக்கட்டும்," என்று மட்டும் சொன்னார்.

நான் கணினித் துறையில் வேலை செய்பவள். விளக்கம் ஒன்று வைத்திருக்கிறேன். அந்தச் செபத்தின் தாளம் எந்த மொழியிலும் ஏறக்குறைய ஒன்றுதான். இரும்புக் குழாய் சொல்லைத் தின்றுவிட்டுத் தாளத்தை மட்டும் கொண்டுவரும். மிச்சத்தைக் காது தனக்குத் தெரிந்த சொற்களால் நிரப்பிக்கொள்ளும். பகலில், வேலை இடத்தில், இந்த விளக்கம் எனக்குப் போதுமாக இருக்கிறது. முழங்காலை நினைக்கும்போது போதவில்லை.

பென்னுக்குச் சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்தது. இப்போது ஸ்காபரோவிலேயே வோபர்ன் பக்கம் ஒரு பராமரிப்பு இல்லத்தில் நடக்கப் பழகுகிறார். அக்கா தினமும் வேலை முடிந்து அங்கே போய்விடுகிறார். குசினிச் சல்லடையில் இப்போது காற்று மட்டும்தான்.

இப்படி ஒரு பயணம் போக விரும்புபவர்களுக்குச் சில குறிப்புகள். தவக்காலத்தில் வார இறுதித் தியானத்துக்கென்று பணம் கட்டித் தூரம் போகிறோம். உங்கள் குடும்பத்திலும் இப்படி ஒருவர் இருக்கலாம். அவருடைய சோபாவில் இரண்டு இரவு படுக்கக் கேளுங்கள். முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் குறைவு, மாறும் இடத்தில் அரை மணித்தியாலம்கூட நிற்க நேரலாம். மார்ச்சில் காலுக்குப் போடும் சப்பாத்து நல்லதாக இருக்கட்டும். வீட்டுக்காரரின் ஒழுங்கைக் குழப்பாதீர்கள், தொலைபேசியைப் பையில் வையுங்கள். நீங்கள் இருக்கும் கட்டடத்தில் உங்களுக்கு நேர் கீழே யார் இருக்கிறார்கள் என்று தெரியாவிட்டால், அதற்குப் பயணம்கூடத் தேவையில்லை. படியால் இறங்கிப் போய்த் தட்டலாம்.

போன சனிக்கிழமை நானும் வோபர்னுக்குப் போனேன். கால் சுகம், காரில்தான் போனேன். அக்கா தமிழில் முதற்பாதியைச் சொன்னார், பென் தன் மொழியில் மறுபாதியைச் சொன்னார். இரண்டும் இரண்டாகத்தான் கேட்டன.

"இப்ப உங்களுக்கு அவர் சொல்லுறது விளங்குதே அக்கா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"இல்லை. ஒண்டும் விளங்கேல்ல." அக்கா பென்னின் போர்வையை இழுத்துவிட்டார். "ஆனா இப்ப ஆளைத் தெரியும்."

பென் ஏதோ கேட்டார். அக்கா செபமாலையை என் கையில் வைத்தார். அடுத்த பத்து மணிச் சுற்றை நான் தொடங்க வேண்டுமாம். இருவரும் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தார்கள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினேன்.